தம்பியின் பழைய வழக்குகளை நீதிமன்றம் எப்போது, எப்படிக் கணக்கில் எடுக்கலாம்?

கடிதத்தின் சுருக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதியிருப்பவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு அக்கா. அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை விட்டுவிட்டேன். அவருடைய தம்பிக்கு வயது 25. 2024 ஆகஸ்டில் நடந்த ஒரு பைக் திருட்டு வழக்கில் கைதாகி ஏழு மாதமாக உள்ளே இருக்கிறார். ஜாமீன் உத்தரவு கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டு ஜாமீன்தாரர்களைக் காட்ட முடியாததால் வெளியே வர முடியவில்லை. போலீஸ் பட்டியலில் அவர் பெயரில் நான்கு பழைய வழக்குகள் இருக்கின்றன. 17 வயதில் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்தது ஒன்று. 2019-ல் செல்போன் திருட்டு ஒன்று. அதில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ரிமாண்டில் இருந்த நாட்களே தண்டனை என்று தீர்ப்பாகி வீட்டுக்கு வந்துவிட்டார். 2021-ல் போட்ட திருட்டு வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடுகிறது. 2022 வழக்கில் விடுதலை.

போன வாய்தாவில் குற்றச்சாட்டு வனைந்தபோது, கோர்ட் ஊழியர் “இவர் 2019-ம் ஆண்டு ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்” என்பது உட்பட முழுவதையும் சத்தமாகப் படித்திருக்கிறார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து “திரும்பவுமா?” என்று கேட்டாராம். பதில் சொல்ல அடுத்த வாய்தா வரை நேரம் வாங்கியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் ஒரு காவலர், “ஒப்புக்கொள்ளச் சொல்லுங்க, இருந்த நாளோட விட்டுடுவாங்க, கேஸ் நடத்தினா பழைய கேஸையெல்லாம் சேர்த்து பத்து வருஷம், ஆயுள்கூட ஆகலாம்” என்று சொல்லியிருக்கிறார். 2019-ல் தண்டனை அனுபவித்து முடித்த பிறகு அதற்காக மறுபடியும் தண்டிப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாதா என்று அக்கா கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “திருட்டுப் பயலுக்கு என்ன உரிமை என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முன்பு ஒருமுறை தண்டிக்கப்பட்டவருக்குத்தான் நியாயமான நடைமுறை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. முதல்முறை வருபவரை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கலாம், ஆனால் திறந்த மனதோடு பார்க்கும். இரண்டாம் முறை வருபவரை, சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது மனித இயல்பு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பழைய தண்டனையை எந்தக் கட்டத்தில் பேசலாம், எந்தக் கட்டத்தில் வாயே திறக்கக் கூடாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி இந்த பைக்கை எடுத்தாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொல்லப்போவது அதைப் பொறுத்தது அல்ல.

முதலில் உங்கள் கேள்விக்கு, கொஞ்சம் கசப்பான பதில். இல்லை, இது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாது. அரசியல் சாசனத்தின் 20(2) பிரிவு தடுப்பது, அதே குற்றத்துக்காக ஒருவரை மீண்டும் வழக்கு நடத்தித் தண்டிப்பதை. முன்பு தண்டனை பெற்றவர் புதிதாக இன்னொரு குற்றம் செய்தால் அந்தப் புதிய குற்றத்துக்கு அதிகத் தண்டனை கொடுக்கலாம் என்று சட்டம் சொல்வதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 75-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 13-வது பிரிவு. இந்த வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நிற்கக்கூடிய வாதங்கள் வேறு இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “2019-ல் தண்டனை என்று ஒன்றும் இல்லை, விட்டுவிட்டார்கள்” என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ரிமாண்ட் நாட்களே தண்டனை என்றாலும் சரி, அபராதத்தோடு முடிந்தாலும் சரி, குற்றவாளி என்று தீர்மானித்த தீர்ப்பு பதிவில் இருக்கிறது. 13-வது பிரிவு, எத்தனை நாள் தண்டனை கொடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மூன்று வருடமோ அதற்கு மேலோ தண்டனை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், ஆகவே அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. 2019-ல் அவருக்கு வயது 19. 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைத் தண்டனைக்கு அனுப்பும் முன், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விட முடியாததற்கான காரணத்தை நீதிமன்றம் எழுத வேண்டும். அன்றைக்கு யாராவது இதைச் சொன்னார்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அன்று சுலபமாக வெளியே வந்ததற்கான விலைதான் இன்று கேட்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பை இப்போது மாற்றுவது எளிதல்ல, ஆனாலும் சான்றிட்ட நகலை வாங்கி உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். அன்று வக்கீல் இருந்தாரா, எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதில் தெரியும்.

கோர்ட்டில் அன்று நடந்தது சரியா?

சரியில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இதுதான்.

கூடுதல் தண்டனை கேட்கப்போகிறார்கள் என்றால் பழைய தண்டனையின் விவரம், தேதி, இடம் மூன்றும் குற்றச்சாட்டில் எழுதப்பட வேண்டும். இது வழக்கு நடத்தும் முறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 234(7) பிரிவு. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் எழுதி வைப்பது வேறு, படித்துக் காட்டுவது வேறு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாரண்ட் வழக்கு (இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கான வழக்கு) நடக்கும்போது, இந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரை, பழைய தண்டனை பற்றிய அந்தப் பகுதியைப் படிக்கக் கூடாது, அதை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கக் கூடாது, அரசுத் தரப்பு அதைக் குறிப்பிடக் கூடாது, அவர்கள் சாட்சியத்திலும் அது வரக் கூடாது. இது அதே சட்டத்தின் 271(3) பிரிவின் நிபந்தனை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 248(3). மாஜிஸ்திரேட்டிடம் இருக்கும் வழக்கு ஆவணக் கட்டில் அந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறதே, படித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஆவணக் கட்டில் இருப்பதை ஒதுக்கிவைத்து யோசிக்கப் பழகியவர் என்பது சட்டத்தின் நம்பிக்கை. ஆனால் திறந்த கோர்ட்டில் அது ஒலித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சாட்சியும் “இவன் வழக்கமாகச் செய்பவன்” என்ற நினைப்போடுதான் கேட்கப்படும். “திரும்பவுமா?” என்ற அந்த ஒரு வார்த்தையே அதற்குச் சாட்சி.

இப்போது என்ன செய்வது? உங்கள் வக்கீல் அடுத்த வாய்தாவிலேயே ஒரு மெமோ (சுருக்கமான எழுத்துக் குறிப்பு) போட வேண்டும்: முன்தண்டனை பற்றிய பகுதி படிக்கப்பட்டது, அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறோம், அந்தப் பகுதியைப் பற்றி இந்தக் கட்டத்தில் கேள்வி கேட்க வேண்டாம், சாட்சிகளும் குறிப்பிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறி “இவர் மீது ஏற்கெனவே பல வழக்குகள் உள்ளன” என்று ஆரம்பிப்பது வாடிக்கை. அந்த இடத்தில் எழுந்து ஆட்சேபித்து, ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சாட்சியச் சட்டத்திலும், எதிரி தரப்பே நல்ல நடத்தை என்று சாட்சியம் கொண்டுவராத வரை கெட்ட நடத்தை என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆகவே “என் தம்பி தங்கமானவன்” என்று ஊர்க்காரர்களை விசாரணையின்போது சாட்சி சொல்ல வைக்கும் யோசனை இருந்தால் அதைக் கைவிடுங்கள். நீங்களே கதவைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும். நல்லவர் என்று சொல்வதற்கான இடம் பிறகு வரும்.

இந்த ஒரு தவறை வைத்தே வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நடைமுறைத் தவறால் நியாயம் தவறிப்போனது என்று காட்டினால்தான் மேல்முறையீட்டில் தீர்ப்பை ரத்து செய்வார்கள். அப்படிக் காட்டுவதற்கு, நடந்த உடனே ஆட்சேபித்திருக்க வேண்டும். அப்போது பேசாமல் இருந்துவிட்டு அப்பீலில் சொன்னால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பார்கள்.

நான்கு வழக்கில் எது கணக்கில் வரும்?

17 வயதில் நடந்தது வராது. சிறாராக இருந்தபோது செய்த குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது என்று 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-வது பிரிவில் சொல்கிறது, பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. கொடிய குற்றத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகக் கருதி விசாரித்த வழக்குகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குழுமத்திலேயே முடிந்த உங்கள் தம்பியின் வழக்கு அந்த வகை அல்ல. அது போலீஸ் பட்டியலில் இன்னமும் இருப்பதே தவறு.

2022 வழக்கில் விடுதலை. அதோடு அது முடிந்தது.

2021 வழக்கு நிலுவையில் இருக்கிறது, அதுவும் வராது. 2018 டிசம்பரில் ராஜேந்திர பிரல்ஹாத்ராவ் வாஸ்னிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: நிலுவையில் உள்ள வழக்குகளில் அவர் குற்றமற்றவர் என்றே கருதப்பட வேண்டும், அவற்றைத் தண்டனை நிர்ணயிக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்று. அது மரண தண்டனை வழக்கு. அங்கேயே அப்படி என்றால் ஒரு பைக் திருட்டு வழக்கில் கேட்கவே வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கும் சரித்திரப் பதிவேடும் (ஹிஸ்டரி ஷீட்) இப்படித்தான். அது அவர்களுடைய உள் ஆவணம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பது ஒருவர் தண்டிக்கப்பட்டவர் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

மிஞ்சுவது 2019 மட்டும். அதையும் வாயால் சொன்னால் போதாது. தீர்ப்பின் சான்றிட்ட நகல், அல்லது தண்டனை அனுபவித்த சிறையின் அதிகாரி தரும் சான்று, அல்லது சிறைக்கு அனுப்பிய வாரண்ட், இவற்றில் ஒன்று வேண்டும். அதோடு, அதில் தண்டிக்கப்பட்டவரும் இப்போது கூண்டில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்பதையும் நிரூபிக்க வேண்டும். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 334-வது பிரிவு. ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆள் மாறிப்போவது நடக்காத விஷயமல்ல. உங்கள் தம்பி விஷயத்தில் 2019 தண்டனை உண்மை என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே பொய் சொல்லச் சொல்லவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, அந்த வேலையை அவர்கள் செய்யட்டும் என்கிறேன்.

இங்கே ஒரு சட்ட வாதமும் இருக்கிறது, வக்கீல் கட்டாயம் எழுப்ப வேண்டியது. பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான 303(2) பிரிவு, “இந்தப் பிரிவின் கீழ்” இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல் என்கிறது. 13-வது பிரிவும் “இந்தச் சன்ஹிதாவின்” அத்தியாயங்களைத்தான் பேசுகிறது. உங்கள் தம்பி 2019-ல் தண்டிக்கப்பட்டது பழைய சட்டத்தின் 379-வது பிரிவில். பழைய சட்டத் தண்டனையைப் புதிய சட்டத்தின் முதல் தண்டனையாக எண்ணலாமா? சட்டத்தின் வார்த்தை இடம் கொடுக்கவில்லை என்பது நம் வாதம். பழைய பிரிவின் தொடர்ச்சிதான் புதியது என்று அரசுத் தரப்பு சொல்லும். தண்டனையைக் கூட்டும் சட்டத்தை இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்பது நீண்ட காலமாக இருக்கும் கொள்கை. அந்தப் பக்கம் வலு இருக்கிறது என்பது என் கருத்து.

அந்தக் காவலர் சொன்னதை நம்பலாமா?

வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொன்னது இரண்டுமே தவறு.

பத்து வருடம், ஆயுள் என்பது 13-வது பிரிவில் எழுதியிருக்கிறது, உண்மை. ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று வருடத்துக்கு மேல் தண்டிக்க முடியாது. முன்தண்டனை உள்ளவர் மீண்டும் சொத்துக் குற்றத்தில் வந்தால், தன் அதிகாரத்துக்குள் போதுமான தண்டனை கொடுக்க முடியாது என்று மாஜிஸ்திரேட் நினைத்தால், வழக்கைத் தலைமை மாஜிஸ்திரேட்டுக்கோ செஷன்ஸ் கோர்ட்டுக்கோ அனுப்ப வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 363-வது பிரிவு சொல்கிறது. உங்கள் தம்பியின் வழக்கு இன்னும் அதே கோர்ட்டில்தான் இருக்கிறது. பிறகு அனுப்ப வழியே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆயுள் தண்டனை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

“இருந்த நாளோட விட்டுடுவாங்க” என்பது அதைவிட ஆபத்தான பேச்சு. இரண்டாம் தண்டனைக்கான பகுதி பொருந்தும் என்று கோர்ட் எடுத்துக்கொண்டால் குறைந்தபட்சம் ஒரு வருடம். அவர் இருந்திருப்பது ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதம் பாக்கி, அதுவும் குறைந்தபட்சக் கணக்கில். ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் அப்பீலில் தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் மட்டும்தான் கேட்க முடியும், திருடவில்லை என்று சொல்ல முடியாது. தண்டனை பேரம் (ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசி முடிப்பது) என்று சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறதே என்றால், அதே குற்றத்துக்காக முன்பு தண்டிக்கப்பட்டவருக்கு அந்த வழி அடைத்துவிட்டது. 2021 வழக்கையும் சேர்த்து ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டு “எல்லாத்தையும் முடிச்சிடலாம்” என்று அடுத்து சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒரு முன்தண்டனை இரண்டாகும், நாளைக்கு ஒரு பொய் வழக்கு வந்தால்கூட அந்த இரண்டும் எதிரே வந்து நிற்கும்.

ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய முடிவு. வக்கீலோடு தனியாக உட்கார்ந்து, கட்டைப் படித்து, விளைவு தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு. உள்ளே இருக்கும் மனுஷனுக்கு வெளியே வந்தால் போதும் என்றுதான் தோன்றும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் ஜாமீனை முதலில் கவனிக்கச் சொல்கிறேன். ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. தம்பி வெளியே வந்து யோசித்தால் பதில் வேறாக இருக்கலாம்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் குண்டாஸ் (குண்டர் தடுப்புச் சட்டம்) போடுவார்களோ என்ற பயம் இருந்தால், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் அடைப்பது தண்டனை அல்ல, தடுப்புக் காவல், அதிகபட்சம் 12 மாதம். அப்படி உத்தரவு வந்தால் முறையீட்டு மனு, அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று வேறு பாதை. வராத ஒன்றுக்காக இந்த வழக்கில் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஒருவேளை குற்றவாளி என்று தீர்ப்பானால்

அப்போதுதான் நீங்கள் பேச வேண்டிய நேரம் வருகிறது. பெரும்பாலானவர்கள் வீணடிப்பதும் இதைத்தான். தண்டனை பற்றி எதிரியிடம் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது சட்டம். செஷன்ஸ் கோர்ட்டுகளுக்கான இதே போன்ற பிரிவைப் பற்றி 1976-ல் சாந்தா சிங் வழக்கில், இது வெறும் சடங்கல்ல, எதிரி தன் பின்னணி பற்றி ஆதாரங்களைக் காட்டவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989-ல் அலாவுதீன் மியான் வழக்கில், குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனைக்கு வேறொரு நாள் ஒதுக்குவதே பொதுவாக நல்லது என்றது. நடைமுறையில் என்ன நடக்கிறது? “தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?” “அம்மாவுக்கு வயசாச்சுங்க, கருணை காட்டுங்க.” அந்த ஒரு வரி தீர்ப்பில் ஏறும், அடுத்த பத்தியில் தண்டனை. இதை எத்தனையோ தீர்ப்புகளில் படிக்கலாம். ஒரு மனிதனின் பல வருடங்களை முடிவு செய்யும் விசாரணை அரை நிமிடத்தில் முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே வக்கீல் அன்றைக்கு ஒரு குறுகிய வாய்தா கேட்க வேண்டும், கையில் காகிதம் இருக்க வேண்டும். 2019-க்குப் பிறகு எங்கே வேலை பார்த்தார், முதலாளியின் கடிதம், சம்பளம் வந்த வங்கிப் பதிவு. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அந்த மருத்துவமனைச் சீட்டு. அவரை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம். பைக் உரிமையாளருக்கு வண்டி திரும்பக் கிடைத்துவிட்டதா, நஷ்டம் ஏதாவது ஈடு செய்ய முடியுமா என்பதும் முக்கியம். அவரும் இந்த வழக்கில் ஒரு மனுஷர்தான், வேலைக்குப் போகிற வண்டியை இழந்தவர். பழைய தண்டனை இருப்பதாலேயே நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவு (நன்னடத்தைப் பிணையில் விடுவது) மூடிவிடாது. முன்தண்டனை இருக்கக் கூடாது என்ற நிபந்தனை 3-வது பிரிவில்தான் (கண்டித்து விடுவது) இருக்கிறது. ஆனால் ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 4-வது பிரிவு கிடையாது. அதனால் 13-வது பிரிவை வழக்கிலிருந்து விலக்க வைப்பது இங்கேயும் உதவும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு மனு போடச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வந்து விசாரித்தால் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தண்டனை வந்தால் தீர்ப்பின் நகலை அன்றே இலவசமாகக் கொடுக்க வேண்டும். அப்பீலுக்கு 30 நாள். ஏழு மாத ரிமாண்ட் தண்டனையில் கழியும், அதை உத்தரவில் எழுதச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இலவச சட்ட உதவி வக்கீல் “இதில் சொல்ல ஒன்றுமில்லை” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அவரை ஒருமுறை மரியாதையாகப் போய்ப் பாருங்கள். அவர் கையில் நிறைய வழக்குகள் இருக்கும், உங்கள் கட்டை இன்னும் முழுசாகப் பார்க்காமல் இருக்கலாம். அப்புறமும் அவர் அசையவில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் வேறு வக்கீல் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அடுத்த வாய்தாவுக்கு முன்பு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று: 2019 தீர்ப்பின் நகலுக்கு மனு, ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த மனு, அந்த ஆட்சேப மெமோ. தம்பியைச் சிறையில் பார்க்கும்போது, வக்கீல் வந்து பேசும் வரை யார் சொன்னாலும் எதற்கும் “ஆமாம்” சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.